கேட்கும் காது வீட்டில் இருக்கட்டும்

(பிள்ளைகளின் மனநலம் குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிட்டால் பெற்றோர் படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார்கள். வெப்பமானியைத் தேடி எடுப்பார்கள். வேலையிடத்தில் விடுப்புச் சொல்லிவிட்டுப் பலதுறை மருந்தகத்தில் மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். இரவு இரண்டு மணிக்கு எழுந்து கஞ்சி வைத்துக் கொடுப்பார்கள். பெற்றோரின் பாசத்தில் குறை சொல்ல யாராலும் முடியாது.

அதே பிள்ளை மூன்று வாரமாகச் சாப்பாட்டு மேசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் என்ன நடக்கிறது? “வயசு அப்படி” என்று அம்மா சொல்வார். “கைப்பேசியைப் பிடுங்கினால் சரியாகிவிடும்” என்று அப்பா சொல்வார். “எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது?” என்று பாட்டி சொல்வார். மூவரும் பிள்ளையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பிள்ளையிடம் யாரும் பேசவில்லை.

உடல் சூட்டை அளக்கக் கடையில் கருவி கிடைக்கும். மனத்தின் சூட்டை அளக்க வீட்டில் இருக்கும் கருவி பெற்றோரின் காதுதான். அந்தக் காது எப்போது திறந்திருக்கிறது, எப்போது மூடிக்கொள்கிறது என்பதைப் பிள்ளைகள் மிக நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்கள்.

எண்கள் சொல்லும் செய்தி

‘நல்லா சாப்பிடுகிறான், பள்ளிக்கூடம் போகிறான், அவனுக்கு என்ன குறை?’ என்ற கேள்வி பல வீடுகளில் எழுகிறது. வெளிக்குத் தெரியாத குறைகளும் உண்டு என்பதைத்தான் ஆய்வுகள் காட்டுகின்றன. உலகில் 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பிரச்சினை இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. சிங்கப்பூரில் மனநலக் கழகம் 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களிடம் நடத்திய தேசிய ஆய்வின் முடிவுகள் 2024ஆம் ஆண்டு வெளிவந்தன. ஏறத்தாழ மூவரில் ஒருவர், கடுமையான அல்லது மிகக் கடுமையான மனச்சோர்வு, பதற்றம், மனவுளைச்சல் ஆகியவற்றின் அறிகுறிகள் தமக்கு இருப்பதாகத் தெரிவித்தனர். நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகங்களில் செலவிடுவது, இணையவழிப் பகடிவதை, தன் உடல் தோற்றம் பற்றிய கவலை ஆகியவை இந்த அறிகுறிகளோடு தொடர்புடையவையாக அந்த ஆய்வில் தெரிய வந்தன.

அறிகுறி இருக்கும் அனைவரும் நோயாளிகள் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் ஒரு வகுப்பறையில் முப்பது பிள்ளைகள் இருந்தால், அவர்களில் சிலராவது ஒரு பாரத்தைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் தம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம் என்று நினைத்துப் பார்ப்பதுதான் முதல் படி.

வளர்ந்த உடலில் வளரும் மூளை

மகன் அப்பாவைவிட உயரமாகிவிடுகிறான். மகள் அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிறாள். பார்க்கிறவர்களுக்குப் பெரியவர்களாகத் தெரிகிறார்கள். ஆனால் திட்டமிடவும், பின்விளைவை எண்ணிப் பார்க்கவும், சினத்தை அடக்கவும் உதவுகின்ற மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. உணர்ச்சிகளைக் கிளப்பும் பகுதிகளோ பருவ வயதில் மிகவும் விழிப்பாக இருக்கின்றன. வேகமாக ஓடும் வண்டிக்கு நிறுத்தும் விசை இன்னும் முழுமையாகப் பொருத்தப்படவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே, பதினான்கு வயதுப் பிள்ளை ஒரு சிறு சொல்லுக்குக் கதவை அறைந்து சாத்தினால், அது பெற்றோரை அவமதிக்கப் போட்ட திட்டமாக இருக்க வேண்டியதில்லை. கதவை அறைவது சரியென்று யாரும் சொல்லவில்லை. அதைப் பிறகு கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் அப்பாவும் எதிரே நின்று கத்தினால், ஒரு வீட்டில் இரண்டு பதினான்கு வயதுக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். யாராவது ஒருவர் பெரியவராக இருந்தாக வேண்டும்.

‘தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன்’ என்று முன்னோர் சொன்னதில் உண்மை இருக்கிறது. தோழன் என்றால் எதையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுபவன் அல்லன். தோழனிடம் பேசும்போது மனிதன் குரலைத் தாழ்த்துகிறான், காரணம் சொல்கிறான், பதிலுக்குக் காத்திருக்கிறான். பருவ வயதுப் பிள்ளைக்கு வேண்டியவை இந்த மூன்றுந்தான்.

ஒரு வீட்டில் நடப்பது

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். ஐந்தறை அடுக்குமாடி வீடு. தந்தை சுழல் முறை வேலையில் இருக்கிறார். தாயார் அலுவலகம் போகிறார். மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். அவளுடைய தோழிகள் நால்வர் சேர்ந்து வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒரு நாள் அவளை நீக்கிவிடுகிறார்கள். ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் இடைவேளையில் வழக்கமாக உட்காரும் மேசையில் அவளுக்கு இடமில்லை. அதற்கு அடுத்த நாள் அவள் உணவகத்துக்கே போகவில்லை. நூலகத்தில் ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தைக் கழிக்கிறாள். வீட்டில் இரவு பதினொரு மணிக்கும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். குழுவில் மீண்டும் சேர்த்துக்கொள்வார்களோ என்ற எதிர்பார்ப்பு.

ஒரு வாரம் கழித்து அம்மாவிடம் சொல்லிவிடுகிறாள். அம்மாவுக்கு வந்தது கோபம். “இதுக்குத்தான் அந்த ஃபோனே வேண்டாம்னு சொன்னேன். குடு இப்படி!” என்று கைப்பேசியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார். தாயார் பிள்ளையைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார். ஆனால் பிள்ளை கற்றுக்கொண்ட பாடம் வேறு. உண்மையைச் சொன்னால் தண்டனை கிடைக்கும் என்பதே அது. இனி எந்தச் செய்தியையும் அவள் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டாள். நாளைக்கு ஒருவன் அவளுடைய படத்தைக் கேட்டு மிரட்டினாலும் அவள் சொல்ல மாட்டாள். அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

நல்ல வேளையாக அந்தத் தாயார் இரண்டு நாளில் யோசித்துவிட்டார். துவைத்த துணிகளை இருவருமாக மடித்துக்கொண்டிருந்தபோது பேச்சை எடுக்கிறார். “அன்னைக்கு நான் அவசரப்பட்டுட்டேன்ம்மா. நீ சொன்னதை முழுசாக் கேக்கவே இல்ல. இன்னிக்கு ரெசஸுக்கு எங்க உக்காந்த?” மகள் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு சட்டைகளை மடித்து முடித்த பிறகு, “லைப்ரரிலம்மா” என்கிறாள். அம்மா அறிவுரை சொல்லவில்லை. “தனியாவா? கஷ்டமா இருந்திருக்குமே” என்று மட்டும் சொல்கிறார். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் அழுகிறாள்.

பழைய தோழிகள் திரும்பி வந்துவிட்டார்கள் என்று இதற்கு இனிய முடிவு சொல்வதற்கில்லை. வராமலும் போகலாம். வகுப்பாசிரியரிடம் பேச வேண்டியிருக்கலாம். இணைப்பாட நடவடிக்கையில் வேறொரு தோழி கிடைக்கச் சில மாதங்கள் ஆகலாம். ஆனால் அந்தச் சில மாதங்களும் அவள் வீட்டில் தனியாக இல்லை.

கேட்பதற்கும் பழக்கம் வேண்டும்

கேட்பது எளிது என்று தோன்றும். உண்மையில் அது கடினமான வேலை. பிள்ளை ஒரு வாக்கியம் சொல்வதற்குள் பெரியவர்களின் வாயில் மூன்று அறிவுரைகள் காத்திருக்கின்றன. ‘இதற்கெல்லாம் அழலாமா?’, ‘நீ என்ன செய்தாய்?’, ‘நான் அப்போதே சொன்னேன்.’ இந்த மூன்றையும் சற்று நேரம் விழுங்கிக்கொள்வதுதான் கேட்பது.

அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் 1990களில் குடும்பங்களை உற்றுநோக்கி எழுதிய ஆய்வுகள் இத்துறையில் பெரிதும் பேசப்படுகின்றன. பிள்ளையின் உணர்ச்சியைக் கவனிப்பது, அதை நெருங்கிப் பேசுவதற்கான வாய்ப்பாகக் கொள்வது, காது கொடுத்து ஏற்றுக்கொள்வது, அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொல்ல உதவுவது, பிறகு எல்லை வகுத்து வழி தேடுவது என ஐந்து படிகளை அவர் சொன்னார். வழி தேடுவது கடைசிப் படி. பெரும்பாலான பெற்றோர் அங்கேதான் தொடங்குகிறார்கள்.

எல்லா உணர்ச்சிகளையும் ஏற்றுக்கொள்ளலாம், எல்லாச் செயல்களையும் ஏற்றுக்கொள்ள முடியாது என்பதே இதன் சாரம். தம்பி மீது கோபம் வரலாம், தம்பியை அடிக்கக் கூடாது. “உனக்குக் கோபம் வந்தது சரிதான் தம்பி. ஆனா கை நீட்டக் கூடாது. இனிமே கோபம் வந்தா என்ன செய்யலாம்?” என்று கேட்கும்போது கண்டிப்பும் இருக்கிறது, கனிவும் இருக்கிறது. ‘அடியாத மாடு படியாது’ என்ற பழமொழியைச் சொல்லிப் பிரம்பைத் தேடும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. அடிபட்ட பிள்ளை அந்த நேரத்துக்கு அடங்கிவிடும். ஆனால் தவறு செய்யாமல் இருப்பதற்குப் பதிலாக அகப்படாமல் இருக்கவே அது கற்றுக்கொள்கிறது.

இடமும் முக்கியம். பருவ வயதுப் பிள்ளையை எதிரே உட்காரவைத்து “சொல், என்ன பிரச்சினை?” என்று கேட்டால் காவல் நிலைய விசாரணை போல ஆகிவிடும். காரில் போகும்போதும், சமையலறையில் வெங்காயம் உரிக்கும்போதும், கீழே காப்பிக் கடைக்கு நடக்கும்போதும் பேச்சு தானாக வரும். முகத்துக்கு முகம் பார்க்க வேண்டிய கட்டாயம் அப்போது இல்லை. அதிலும் பல பிள்ளைகள் இரவு படுக்கப் போகும் நேரத்தில்தான் வாய் திறப்பார்கள். பெற்றோருக்கு அது களைத்துப்போன நேரம். ஆனாலும் அந்தப் பத்து நிமிடத்தைத் தவறவிட்டால் மறுநாள் மாலையில் அது கிடைக்காது.

உணர்ச்சிக்குப் பெயர் வேண்டும்

சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிள்ளை ஆங்கிலத்தில் நினைக்கிறது. பாட்டியும் சில வீடுகளில் பெற்றோரும் தமிழில் நினைக்கிறார்கள். பிள்ளை “ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு” என்கிறது. அந்தச் சொல் பெரியவர்களின் காதில் ‘சோம்பேறித்தனம்’ என்று விழுகிறது. அதே பிள்ளை “மனசு படபடன்னு இருக்கு பாட்டி, ராத்திரி தூக்கம் வரல” என்று சொல்லியிருந்தால் பாட்டி அருகில் அழைத்துத் தலையைத் தடவியிருப்பார்.

தமிழில் உள்ளத்து நிலைகளுக்குச் சொற்கள் குறைவில்லை. வருத்தம் வேறு, ஏக்கம் வேறு. ஏமாற்றம் வேறு, அவமானம் வேறு. எரிச்சல், தவிப்பு, பொறாமை, கூச்சம், குற்றவுணர்வு, தனிமை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் இருக்கிறது. ‘கோபம்’ என்ற ஒரே சொல்லை மட்டும் தெரிந்த பிள்ளை, அவமானப்பட்டாலும் கோபப்படும், பயந்தாலும் கோபப்படும். சரியான பெயர் கிடைத்தால் உணர்ச்சியின் வேகம் சற்றுத் தணியும்.

தொடக்கப் பள்ளிகளில் குணநலன், குடியியல் கல்வி தாய்மொழி வகுப்பில் நடத்தப்படுகிறது. 2021ஆம் ஆண்டு முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தில் மனநலக் கல்வியும் சேர்ந்திருக்கிறது. பிள்ளையின் தேர்வுத் தாளை மட்டும் வாங்கிப் பார்க்கும் பெற்றோர், இந்தப் பாடத்தையும் பிள்ளையோடு உட்கார்ந்து புரட்டிப் பார்க்கலாம். மொழியும் வளரும், பேச்சும் வளரும்.

பெற்றோர் தம் உணர்ச்சியையும் பெயர் சொல்லிப் பேசினால் பிள்ளைக்கு அது பெரிய பாடம். “இன்னிக்கு வேலையில மேலாளர் எல்லார் முன்னாலயும் திட்டிட்டாரு. ரொம்ப அவமானமாப் போச்சு. கொஞ்ச நேரம் நடந்துட்டு வரேன்” என்று அப்பா சொன்னால், அவமானம் பெரியவர்களுக்கும் வரும், அதைத் தாங்க வழி இருக்கிறது என்று மகன் தெரிந்துகொள்வான். அதைச் சொல்லாமல் வீட்டுக்கு வந்து தட்டைத் தூக்கி எறிந்தால், அவன் அதையும் கற்றுக்கொள்வான்.

‘எத்தனை?’ என்ற கேள்வி

பிள்ளைகளின் மனத்தை மிகவும் அழுத்துவது தேர்வு. இதில் கல்வி அமைச்சு பல மாற்றங்களைச் செய்திருக்கிறது. 2019ஆம் ஆண்டு முதல் தொடக்கநிலை 1, 2 வகுப்புகளில் மதிப்பெண் கணக்கில் சேரும் தேர்வுகள் இல்லை. 2023ஆம் ஆண்டுக்குள் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளின் எல்லா வகுப்புகளிலும் அரையாண்டுத் தேர்வுகள் கைவிடப்பட்டன. தொடக்கப் பள்ளி இறுதியாண்டுத் தேர்வான பிஎஸ்எல்இயில், பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுக் கணக்கிட்ட பழைய ‘டி’ மதிப்பெண் முறை 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. இப்போது ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை அடைவுநிலை தரப்படுகிறது. நான்கு பாடங்களுக்கும் சேர்த்து மிகச் சிறந்த மொத்தம் 4. ஒரு பிள்ளை எடுத்த அடைவுநிலை அதன் சொந்த மதிப்பெண்ணைப் பொறுத்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர் எத்தனை எடுத்தார் என்பது அதை மாற்றாது. 2024ஆம் ஆண்டு உயர்நிலை 1இல் சேர்ந்தவர்கள் தொடங்கி விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகளும் இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்கும் முறையை அமைச்சு கைவிட்டது. உறவினர் வீட்டு விருந்தில் அது இன்னும் கைவிடப்படவில்லை. நவம்பர் இறுதியில் முடிவு வந்ததும் டிசம்பரில் ஒரு கல்யாணம், ஜனவரியில் பொங்கல். எங்கே போனாலும் “எத்தனை?” என்ற கேள்வி. “உன் சித்தப்பா மகன் எட்டு, நீ இருபத்திரண்டா?” என்று சிரித்துக்கொண்டே கேட்பவருக்கு அது ஒரு நிமிடப் பேச்சு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது ஓர் ஆண்டு தங்கும்.

அந்த இடத்தில் பெற்றோர் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. தலையைக் குனிந்துகொண்டு, “இவன் படிக்கவே மாட்டேங்கிறான் அண்ணே” என்று சொல்லும் அப்பா உண்டு. “அவனால முடிஞ்சதை நல்லாவே செஞ்சிருக்கான் அண்ணே. உயர்நிலைப் பள்ளிக்குப் போக ஆசையா இருக்கான்” என்று சொல்லிப் பேச்சை முடிக்கும் அப்பாவும் உண்டு. இரண்டாமவரின் மகன் அந்த வாக்கியத்தை மறக்க மாட்டான்.

படிக்காமல் இருந்ததைப் பாராட்ட வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. முயற்சி குறைந்திருந்தால் வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளையிடம் நேராகச் சொல்லலாம். எந்தப் பாடம் புரியவில்லை, எந்த நேரம் வீணாகிறது என்று சேர்ந்து பார்க்கலாம். பிள்ளையின் முயற்சியைப் பற்றிப் பேசுவது வேறு, பிள்ளையின் மதிப்பை எடைபோடுவது வேறு.

விருந்தினருக்குத் தரும் மரியாதை

திருக்குறளில் மக்கட்பேறு ஏழாவது அதிகாரம். அதைத் தொடர்ந்து அன்புடைமை, விருந்தோம்பல், இனியவை கூறல் என்று வரிசை போகிறது. பிள்ளைப் பேற்றில் தொடங்கி இனிய சொல்லில் வந்து சேரும் அந்த வரிசையை இன்றைய வீடுகளோடு பொருத்திப் பார்க்கலாம். விருந்தினர் வந்தால் குரல் இனிமையாகிவிடுகிறது. அவர் தண்ணீரைக் கொட்டிவிட்டால், “பரவாயில்லை, பரவாயில்லை” என்று துடைக்கிறார்கள். அதே தண்ணீரை வீட்டுப் பிள்ளை கொட்டினால், “கண்ணு எங்க இருக்கு?” என்ற கேள்வி பாய்கிறது. விருந்தினர் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடுவார். பிள்ளை இருபது ஆண்டுகள் அந்தக் குரலைக் கேட்டு வளரப் போகிறது. விருந்தினருக்குக் கொடுக்கும் மரியாதையில் பாதியைப் பிள்ளைக்குக் கொடுத்தாலும் பல வீடுகளில் அமைதி நிலவும்.

உறக்கமும் திரையும்

மனநலத்தைப் பற்றிப் பேசும்போது உறக்கத்தை மறந்துவிடுகிறார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 11 மணி நேரமும், 14 முதல் 17 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் தேவை. பருவ வயதில் உடலின் உள்கடிகாரம் சற்றுப் பின்தள்ளிப் போவதால் அவர்களுக்கு இரவில் தூக்கம் தாமதமாக வருகிறது. காலை ஏழரைக்குப் பள்ளியில் இருக்க வேண்டிய பிள்ளை, துணைப்பாட வகுப்பை முடித்து இரவு ஒன்பதரைக்கு வீடு வந்து, பிறகு வீட்டுப்பாடம் செய்தால் எட்டு மணி நேரம் எங்கிருந்து வரும்? தூக்கம் குறைந்த பிள்ளை எரிந்து விழுகிறது. அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இன்னொரு துணைப்பாட வகுப்பைச் சேர்ப்பதற்கு முன்னால் பிள்ளை எத்தனை மணி நேரம் தூங்குகிறது என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

திரை நேரத்துக்கும் சுகாதார அமைச்சு 2025ஆம் ஆண்டில் வழிகாட்டி வெளியிட்டது. 7 முதல் 12 வயதினருக்குப் பள்ளி வேலை தவிர்த்து நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது. சாப்பிடும்போதும் உறங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பும் திரை வேண்டாம் என்கிறது. உயர்நிலைப் பள்ளிகளில் 2026 ஜனவரி முதல் இடைவேளை உட்படப் பள்ளி நேரம் முழுவதும் திறன்பேசி பயன்படுத்தக் கூடாது என்ற விதி வந்திருக்கிறது.

பள்ளி தன் வேலையைச் செய்கிறது. வீட்டில் விதி யாருக்கு? பிள்ளையிடம் ஃபோனை வை என்று சொல்லும் அப்பாவின் கையில் ஃபோன் இருந்தால் அந்தச் சொல்லுக்கு எடை இல்லை. இரவு உணவு நேரத்தில் குடும்பத்தில் எல்லாருடைய கைப்பேசிகளும் ஒரு தட்டில் போய் உட்காரட்டும், அப்பாவுடையது முதலில். தொடக்கத்தில் மேசையில் அமைதியாக இருக்கும். ஒரு வாரத்தில் யாராவது பேசத் தொடங்கிவிடுவார்கள்.

நட்பும் சண்டையும்

பழகும் திறமை புத்தகத்தில் வருவதில்லை. சண்டையிட்டுச் சமாதானமாகித்தான் வர வேண்டும். கீழே விளையாட்டு இடத்தில் ஊஞ்சலுக்குச் சண்டை வந்தால் உடனே ஓடிப்போய்த் தீர்ப்புச் சொல்லும் பெற்றோர், பிள்ளையின் வாய்ப்பைப் பறித்துவிடுகிறார்கள். அடிதடி இல்லையென்றால் சற்றுப் பொறுத்துப் பார்க்கலாம். “நீ அவனிடம் என்ன சொல்லலாம்?” என்று கேட்டு அனுப்பலாம்.

ஆனால் சண்டைக்கும் பகடிவதைக்கும் வேறுபாடு உண்டு. சண்டையில் இருவரும் ஒரே பலத்தில் நிற்கிறார்கள். பகடிவதையில் ஒருவர் மட்டும் திரும்பத் திரும்பத் தாழ்த்தப்படுகிறார். நிறத்தைச் சொல்லி, இனத்தைச் சொல்லி, எண்ணெய் வாடையைச் சொல்லிக் கேலி செய்தால், “கண்டுக்காதே” என்று சொல்லி அனுப்புவது போதாது. தேதி, சொன்ன சொல், பார்த்தவர் ஆகியவற்றைக் குறித்து வைத்து, கைப்பேசியில் வந்த செய்திகளை அழிக்காமல் காப்பாற்றி, வகுப்பாசிரியரை நேரில் பார்த்துப் பேச வேண்டும். என்ன செய்யப் போகிறோம் என்பதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தனக்குத் தெரியாமல் அம்மா பள்ளிக்கு வந்துவிட்டார் என்று தெரிந்தால் பிள்ளை இன்னும் கூனிக்குறுகிப் போகும்.

எப்போது உதவி தேட வேண்டும்

வருத்தம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும், போகும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கவனிக்க வேண்டும். உறக்கமும் உணவும் மாறுவது, விரும்பிச் செய்தவற்றை விட்டுவிடுவது, நண்பர்களை விலக்குவது, படிப்பு திடீரென்று சரிவது, காரணம் தெரியாத வயிற்றுவலியும் தலைவலியும் அடிக்கடி வருவது, வெயிலிலும் நீளக்கை உடுத்திக் கையை மறைப்பது, தனக்குப் பிடித்த பொருள்களைப் பிறருக்குக் கொடுப்பது, ‘நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி’ போன்ற சொற்கள் ஆகியவை அறிகுறிகள். கடைசியில் சொன்ன சொல் ஒரு முறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது.

2024ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் 10 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கு முதன்மைக் காரணம் தற்கொலையே. சொல்லக் கசப்பாக இருந்தாலும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய உண்மை இது. அதைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைப் பிள்ளையின் மனத்தில் விதைத்துவிடுவோமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதில்லை என்று மனநல வல்லுநர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். “வாழவே வேண்டாம்னு தோணுதாப்பா?” என்று அமைதியாகக் கேட்கலாம். ஆம் என்ற பதில் வந்தால் அதிர்ச்சியைக் காட்டாமல், திட்டாமல், தனியே விடாமல், உடனே உதவி தேட வேண்டும். சிங்கப்பூரில் தற்கொலை முயற்சி 2020 ஜனவரி முதல் குற்றமாகக் கருதப்படுவதில்லை. காவல்துறை வழக்குப் போடும் என்ற அச்சம் வேண்டாம்.

உதவி பல இடங்களில் இருக்கிறது. பள்ளியில் ஆலோசகர் இருக்கிறார். 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 2025 ஜூன் முதல் 24 மணி நேரமும் இயங்குகிறது. சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பை 1767 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் அழைக்கலாம். தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகள் தாங்களே பேசுவதற்குச் சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கத்தின் டிங்கிள் ஃபிரெண்ட் எண் 1800 2744 788. தமிழ்க் குடும்பங்கள் அணுகச் சிண்டாவின் எண் 1800 295 4554. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 995.

‘வெளியே தெரிந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?’ என்ற தயக்கந்தான் பல குடும்பங்களைத் தடுக்கிறது. மகளுக்கு வரன் அமையாது, மகனின் எதிர்காலம் கெட்டுவிடும் என்று மூடி மறைக்கிறார்கள். ஆஸ்துமாவுக்கு மருத்துவரைப் பார்த்ததை யாரும் மறைப்பதில்லை. அந்த நாலு பேரும் இரவு இரண்டு மணிக்குப் பிள்ளையின் அறைக் கதவருகே நிற்கப் போவதில்லை. அங்கே நிற்கப் போவது பெற்றோர்தான்.

மன்னிப்புக்கும் இடம் உண்டு

இவற்றையெல்லாம் கேட்கும் பெற்றோர் சிலருக்கு, ‘இத்தனை நாள் தவறு செய்துவிட்டோமே’ என்று மனம் கனக்கலாம். குறையே இல்லாத பெற்றோர் எந்த ஊரிலும் இல்லை. பிள்ளைக்கு அப்படிப்பட்ட பெற்றோர் தேவையும் இல்லை. உடைந்ததை ஒட்டத் தெரிந்த பெற்றோர் போதும். “அப்பா உன்னை அப்படித் திட்டியிருக்கக் கூடாதுப்பா, மன்னிச்சிடு” என்று சொல்வதால் தந்தையின் மதிப்புக் குறையாது. மன்னிப்புக் கேட்பது எப்படி என்று அந்த வீட்டில் ஒரு பிள்ளை அன்று கற்றுக்கொள்கிறது.

சுழல் முறை வேலையில் இருக்கும் தந்தைக்கும், இரண்டு வேலை பார்க்கும் தாய்க்கும் நேரம் ஒரு பெரிய கேள்வி. நாள் முழுதும் உடனிருக்க யாராலும் முடியாது. இரவு வேலைக்குப் புறப்படும் முன் பத்து நிமிடம் பிள்ளையின் கட்டிலில் உட்கார முடியும். இடைவேளையில் ஒரு குரல் பதிவு அனுப்ப முடியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவர் மட்டும் கீழே போய்ப் பரோட்டா சாப்பிட்டு வர முடியும். நேரம் சிறிதானாலும் அது தவறாமல் வந்தால் பிள்ளை அதை நம்பிக் காத்திருக்கும்.

பிள்ளைக்கு வெளியில் எத்தனையோ அடி விழும். தேர்வு கைவிடலாம், தோழி கைவிடலாம், குழுவிலிருந்து பெயர் நீக்கப்படலாம். இவற்றையெல்லாம் பெற்றோரால் தடுக்க முடியாது. அடிபட்ட அன்று மாலை வீடு திரும்பும் பிள்ளை, செருப்பைக் கழற்றும்போதே, ‘அம்மாகிட்ட சொல்லலாம், அப்பாகிட்ட சொல்லலாம்’ என்று நினைத்தால் போதும். இன்று இரவு சாப்பாட்டு மேசையில் “இன்னிக்கு ரெசஸுக்கு யார்கூட உக்காந்த?” என்று கேட்டுப் பார்க்கட்டும். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கட்டும்.